தகவல் கட்டுரையில் தடித்த எழுத்துக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வாரந்தோறும் வெளிவரும் பொது அறிவுக் கட்டுரைகளை நான் தொடக்கத்திலிருந்தே படித்து, நறுக்கி, கோப்பில் சேர்த்து வருகிறேன். கட்டுரைகளின் உள்ளடக்கம் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. பிழைகள் அரிதாகவே கண்ணில் படுகின்றன. என் குறையெல்லாம் அவற்றில் தடித்த எழுத்து கையாளப்படும் முறையைப் பற்றியது. அச்சகங்களில் மெய்ப்பு (புரூஃப்) திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்பதால் இது என் கண்ணை மட்டும் உறுத்துகிறதோ என்று சில காலம் பேசாமல் இருந்தேன். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய கட்டுரை வெளிவந்த வாரத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறாள். இணைப்பிதழை வாங்கிச் செல்ல வியாழன்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவளிடம், அணையில் இப்போது எத்தனை அடி வரை நீரைத் தேக்கலாம் என்று கேட்டேன். தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். 152, 136, 142 என்று மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. "மூணும் கருப்பாத்தான் இருக்குது தாத்தா, எதைக் கேட்பாங்களோன்னு மூணையும் எழுதி வச்சுக்கிட்டேன்" என்றாள். தேனி மாவட்டத்தில் பிறந்து, அந்த அணையின் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு, பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் சூட்டும் ஊர்களுக்கு நடுவே வளர்ந்த பெண் அவள்.

கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்ததால் 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை உயர்த்திக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2006இல் அனுமதித்தது. அதைத் தடுக்கக் கேரளம் கொண்டுவந்த சட்டத்திருத்தம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. இந்தச் செய்தியின் உயிர் 'குறைக்கப்பட்டது', 'அனுமதித்தது', 'செல்லாது' என்ற வினைச்சொற்களில்தான் இருக்கிறது. தங்கள் இணைப்பில் தடித்திருந்தவையோ எண்களும் பெயர்களும் மட்டுமே. அடுத்த பத்தியில் 1886ஆம் ஆண்டும் 999 ஆண்டுகள் என்ற குத்தகைக் காலமும் தடித்திருந்தன. அணை கேரளத்தின் எல்லைக்குள் இருந்தாலும் அதன் பராமரிப்பும் இயக்கமும் தமிழ்நாட்டின் பொறுப்பில் உள்ளன என்ற, அந்தக் கட்டுரையிலேயே மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய வாக்கியம், இரண்டு கரிய திட்டுகளுக்கு நடுவே மெலிந்து கிடந்தது. பென்னிகுயிக் பெயர் வந்த இடமெல்லாம் தடித்திருந்தது. ஒரு பத்தியில் தடிக்காத சொற்களை எண்ணுவதே எளிதாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோப்பார்கள். மெய்ப்பில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் மாற்ற வேண்டுமானால் அதன் அடியில் நெளிகோடு இட வேண்டும். அந்த வழக்கம் இன்றும் உண்டு. நெளிகோட்டைப் பார்த்ததும் அச்சுக்கோப்பவர் எழுந்து போய், தடித்த எழுத்துகள் உள்ள வேறொரு தட்டிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்துவந்து, பழைய எழுத்துகளைப் பிடுங்கி, புதியவற்றை வைத்து, வரியை மீண்டும் இறுக்க வேண்டும். தடித்த எழுத்து கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால் சில வேளைகளில் அடுத்த வரியும் கலையும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு நெளிகோடுகள் இட்டுவிட்டால் எங்கள் மூத்த அச்சுக்கோப்பவர் மெய்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்து, "சார், இதெல்லாம் அவசியந்தானா?" என்று கேட்பார். பாதிக்குமேல் அவசியமில்லை என்று அப்போதுதான் தெரியும். இன்று கன்ட்ரோல் விசையையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது. உழைப்பு குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

தகவல் கட்டுரையில் தடித்த எழுத்துக்குரிய இயல்பான வேலை, தேடி வருபவருக்கு இடத்தைக் காட்டுவது. கதையையோ தலையங்கத்தையோ மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் அப்படிப் படிப்பவர் அரிது. ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து, அது கண்ணில் பட்டதும் அங்கே நின்று படிக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அத்தனை சொற்களுக்கு நடுவே நமக்கு வேண்டியதை நொடியில் பிடிக்க முடிகிறதென்றால், தலைச்சொல் தனித்துத் தெரிவதும் அதன்கீழ் வரும் விளக்கம் அடங்கி இருப்பதுமே காரணம். விளக்கத்துக்குள்ளும் ஆங்காங்கே கருமை தெளித்திருந்தால் கண் எங்கே நிற்கும்? தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சொல்லின் இருபுறமும் மூன்று மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள் இட்டால் அது தடித்துவிடும். அங்கேயும் கட்டுரைப் பொருளின் பெயர் முதல் வாக்கியத்தில் ஒரு முறை தடிப்பதே வழக்கம், அதற்குமேல் கட்டுரை நெடுக அந்தப் பெயர் எத்தனை முறை வந்தாலும் இயல்பான எழுத்துதான்.

பொருளுக்கு வேறு பெயர்கள் இருந்தால் அவற்றையும் ஒரு முறை தடிப்பாக்கலாம் என்பதே என் கருத்து. செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற முறையில் அது ஆண்டுக்கொரு முறையாவது தங்கள் இணைப்பில் வந்துவிடுகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் அதை விதைக்காகப் பயிரிடும் விவசாயிக்கு அது கண்வலிக்கிழங்கு. வேறு சிலருக்குக் கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ. கண்வலிக்கிழங்கைத் தேடி வருபவர் செங்காந்தள் என்ற கட்டுரையில் வந்து நிற்கும்போது, தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்ற ஐயம் எழும். முதல் வரியிலேயே அந்தப் பெயர் தடித்திருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். 'மாநில மலர்' என்ற சொற்களைத் தடிப்பாக்கி எந்தப் பயனும் இல்லை. அந்தப் பெயரில் யாரும் அந்தச் செடியைத் தேடி வருவதில்லை.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில இதழ்களின் நடைக் கையேடுகளைப் பார்த்து விதி வகுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் பெயர் தனியாக நிற்கும், உறவைக் காட்டும் சொல் தள்ளி நிற்கும். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'செங்காந்தளின் கிழங்கு' என்று முதல் வாக்கியம் தொடங்கினால் தடித்த எழுத்து எங்கே முடிய வேண்டும்? பெயர் 'ள்' என்ற மெய்யோடு முடிகிறது. உருபு 'இ' என்ற உயிரோடு தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து 'ளி' என்ற ஒரே எழுத்தாகிவிட்டன. பாதி எழுத்தை எப்படித் தடிப்பாக்குவது? கணினியில் அதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 'செங்காந்தளை' என்பதில் ளகரத்தோடு தடிப்பை நிறுத்த, பல திரைகளில் ஐகாரக் குறி மெய்யை விட்டுப் பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தனியே நிற்கும். 'அணைக்கு' என்ற சொல்லில் 'அணை' மட்டும் தடித்து 'க்கு' மெலிந்திருப்பதைத் தங்கள் இணைப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே சொல் நடுவில் முறிந்தது போலத் தெரிகிறது. உருபையும் சேர்த்துத் தடிப்பாக்கினாலோ, தலைச்சொல் என்ன வடிவம் உடையது என்பது புதியவருக்குத் தெரியாமல் போகும். வழி எளிது: முதல் வாக்கியத்தைப் பெயர் எழுவாயாக, உருபு ஏற்காமல் நிற்கும்படி அமைத்துவிட வேண்டும். நம் பழைய கலைக்களஞ்சியப் பதிவுகள் பெயரில் தொடங்கி விளக்கத்துக்குப் போவதில் இந்த வசதியும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் சிறப்புப் பெயரைக் காட்டப் பெரிய எழுத்து இருக்கிறது. நூற்பெயரையும் அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லையும் காட்டச் சாய்வெழுத்து இருக்கிறது. அதற்கும் மேலேதான் தடித்த எழுத்து. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பாகுபாடு இல்லை. சாய்வெழுத்து நம் எழுத்துக்கு இயல்பானதும் அன்று. நேர் எழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டது போலத்தான் இருக்கும். மிஞ்சியிருப்பவை மேற்கோள் குறியும் தடித்த எழுத்தும் மட்டுமே. கையில் இருப்பது ஒன்றே என்பதால் பெயரா, ஆண்டா, நூலா, கலைச்சொல்லா, வற்புறுத்தலா, எல்லாச் சுமையையும் அதன் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். சிக்கனமாகச் செலவிட வேண்டியதை நாம்தான் மிகுதியாகச் செலவிடுகிறோம். சினிமாச் செய்தியில் நடிகர் பெயரைத் தடிப்பாக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே வாசகர் பெயரைத்தான் தேடுகிறார், பெயரைப் பார்த்த பிறகே செய்தியைப் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

எழுத்தின் வடிவத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 'ண', 'ன', 'ஞ' போன்ற சுழி எழுத்துகளில், சுழிக்குள் இருக்கும் வெள்ளையே எழுத்தை அடையாளம் காட்டுகிறது. கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை சுருங்கும். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் இயல்புடையது. சிறிய அளவில் அச்சிட்ட தடித்த ணகரமும் னகரமும் என்னைப் போன்ற கண்ணாடிக்காரர்களுக்கு ஒரே கரும்புள்ளியாகிவிடுகின்றன. சரியாக வடிவமைத்த எழுத்துருக்களில் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல படிகள் கிடைக்கின்றன. அப்படி ஒரு வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிப்பாக்கச் சொன்னால் மென்பொருள் இயல்பான எழுத்தின் விளிம்பையே ஊதிப் பருக்க வைத்துக் கொடுத்துவிடும். தங்கள் இணைப்பில் சில வாரங்கள் வருவது இந்த ஊதல் எழுத்துதான் என்று ஐயுறுகிறேன்; பக்க வடிவமைப்பாளர் ஒரு முறை சரிபார்த்தால் நல்லது.

அப்படியானால் முக்கியமானதை எப்படித்தான் காட்டுவது என்று தங்கள் உதவி ஆசிரியர்கள் கேட்கலாம். முக்கியமானதை வாக்கியமே காட்டும். தமிழ் வாக்கியத்துக்கு அந்த ஆற்றல் நிறையவே உண்டு. ஓலையில் தடித்த எழுத்து கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட இல்லை. வற்புறுத்தலை மொழியே சுமந்தது. ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள்களும் நன்னூல் ஆறு பொருள்களும் கூறுகின்றன. இரண்டிலும் தேற்றமும் (உறுதிப்படுத்துவது) பிரிநிலையும் (பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது) இடம்பெறுகின்றன. 'தான்', 'மட்டும்' ஆகியவை நம் அன்றாடப் பேச்சில் இடையறாது இந்த வேலையைச் செய்கின்றன. சொற்களை இடம் மாற்றினாலே அழுத்தம் இடம் மாறிவிடும். 'பென்னிகுயிக் இந்த அணையைக் கட்டினார்' என்றால் அது ஒரு செய்தி. 'இந்த அணையைக் கட்டியவர் பென்னிகுயிக்' என்றால் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை. பெயர் வாக்கியத்தின் முடிவில் வந்து தானே நிமிர்ந்து நிற்கிறது. அதன்மேல் மையைப் பூசுவது, கூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரின் காதருகே போய்க் கத்துவது போலத்தான்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் திரும்பிப் பார்க்க வசதியாக எண்களையும் பெயர்களையும் தடிப்பாக்குகிறோம் என்பதே தங்கள் தரப்பு விளக்கமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். நல்லெண்ணம்தான். ஆனால் திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு இடுவது படிப்பவரின் வேலை. எது தனக்குத் தெரியாதது என்று தீர்மானித்துக் கோடிடும்போதே பாதி படிப்பு முடிந்துவிடுகிறது. அந்த வேலையைத் தாளே செய்து கொடுத்துவிட்டால், முல்லைப் பெரியாற்றுக்கு நேர்ந்தது போல, கருப்பை மட்டும் பொறுக்கி எழுதிக்கொண்டு வெள்ளையைத் தாண்டிப் போகும் பழக்கமே வரும். தொகுத்துத் தர வேண்டுமென்றால் கட்டுரையின் கீழே ஒரு பெட்டியில் நான்கைந்து முழு வாக்கியங்களாகத் தரலாமே.

தடித்த எழுத்து தேடும் வசதியைத் தாண்டி வற்புறுத்தலுக்காகவே வர வேண்டிய இடம் தகவல் கட்டுரையில் ஒன்றே ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். கவனிக்காமல் போனால் படிப்பவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ உடலுக்குத் தீங்கு நேரும் என்ற இடம் அது. தங்கள் இணைப்பில் வந்த செங்காந்தள் கட்டுரை ஒன்றில் மலரின் நிறம் தடித்திருந்தது, மாநில மலர் என்பது தடித்திருந்தது. அந்தச் செடியில் கொல்கிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்ற செய்தி கடைசிப் பத்தியில் அரை வரியாக இருந்தது. மருந்துக்குப் பயன்படும் என்ற வாக்கியத்துக்கு அடுத்தபடியாகவே அது வந்திருந்ததுதான் எனக்குத் திகைப்பைத் தந்தது. நெளிகோடு இடுவதற்குத் தகுதியான வாக்கியம் அந்தக் கட்டுரையில் அது ஒன்றுதான். அதையும் முழு வாக்கியமாகத்தான் தடிப்பாக்க வேண்டும். 'ஆபத்து' என்ற ஒரு சொல்லை மட்டும் கருப்பாக்கினால் எது ஆபத்து என்று தெரியாது.

தங்கள் இணையப் பதிப்பில் இந்த வேறுபாட்டை, இணையப் பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல் என்ற குறிமொழியிலேயே காட்டவும் வழி இருக்கிறது. எழுத்தைத் தடிப்பாக்கும் குறிகள் அங்கே இரண்டு. 'பி' என்பது கண்ணைத் திருப்ப மட்டும். தலைச்சொல்லுக்கு அது போதும். 'ஸ்ட்ராங்' என்பது இந்தப் பகுதி முக்கியமானது, இதில் எச்சரிக்கை இருக்கிறது என்று பொருளையும் சேர்த்துச் சொல்வது. திரையில் இரண்டும் ஒரே போலத் தெரிவதால் பலரும் கைக்கு வந்ததைப் போடுகிறார்கள். பெரும்பாலான திரைவாசிப்பு மென்பொருள்கள் இயல்பான அமைப்பில் இரண்டையுமே குரலில் வேறுபடுத்திக் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பார்வையற்ற மாணவர் ஒருவர் தங்கள் கட்டுரையைக் காதால் கேட்கும்போது, எச்சரிக்கை எழுத்தின் கருமையில் மட்டும் இருந்தால் அது அவரை எட்டாது. 'எச்சரிக்கை' என்ற சொல்லோடு அந்த வாக்கியம் தொடங்கினால், மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டும்.

முல்லைப் பெரியாறு கட்டுரையின் நறுக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். தடிப்பை நீக்கி இயல்பான எழுத்தில் எங்கள் தெருமுனை டிடிபி கடையில் மறுபடி அடித்து வாங்கி, பழைய வழக்கப்படி மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். இரண்டே இடங்களில்தான் நெளிகோடு இட்டிருக்கிறேன்: முதல் வரியில் வரும் 'முல்லைப் பெரியாறு அணை' என்ற பெயருக்கும், அதே வரியில் வரும் 'பெரியாறு அணை' என்ற மற்றொரு பெயருக்கும். நீர்மட்டம் பற்றிய பத்தியில் எண்களைத் தொடாமல், 'இன்று தேக்க அனுமதிக்கப்பட்டிருக்கும் அளவு 142 அடியே' என்று ஓர் ஏகாரத்தை மட்டும் பக்கவாட்டில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். குறிப்பேட்டில் மூன்று எண்களுக்கும் பக்கத்தில் இப்போது மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
தேனி